கிழட்டு பிஃப் எப்படி அதே 2015க்கு திரும்பி வந்தான்?

பாகான்_பையன்:
வணக்கம் மக்களே. ஸ்கூல் லீவுக்கு தங்கச்சி மகன் பட்டர்வொர்த் வந்திருந்தான், நல்ல மழை, எங்கயும் போக முடியல, சரின்னு பேக் டு த ஃப்யூச்சர் மூணு பாகத்தையும் வரிசையா போட்டு காட்டினேன். முதல் பாகம் நல்லா சிரிச்சு பார்த்தான், ரெண்டாவதுல என்னைய மாட்டி விட்டுட்டான் லா. படத்து வில்லன் கிழட்டு பிஃப் 2015ல அந்த டைம் மெஷின் காடிய திருடிட்டு 1955க்கு போயி, சின்ன வயசு பிஃப்கிட்ட 1950ல இருந்து 2000 வரைக்கும் எல்லா விளையாட்டு ரிசல்ட்டும் இருக்கிற புக்க குடுத்துட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி 2015க்கு வந்து காடிய எடுத்த எடத்துலயே விட்டுடுறான்ல. "மாமா, புக்க குடுத்ததும் எல்லாம் மாறிடுச்சுன்னா இவன் மாறின 2015க்குத்தானே வரணும்?" அப்படின்னு கேக்குறான். எனக்கு பதில் வரல, போய் மைலோ கலக்கி குடுத்து சமாளிச்சேன். யாருக்காவது வெளங்குதா?

தே_ஓ_கோசோங்:
மருமகன் கேட்டது சரிதான் பாஸ், சுத்தமான ஓட்டை. அந்த படமே தன்னை மாட்டி விடுது பாருங்க. மாறிப்போன 1985ல ஹீரோ மார்ட்டி சொல்வான், வா திரும்ப 2015க்கு போயி கிழவன தடுப்போம்னு. அந்த காடிய செஞ்ச விஞ்ஞானி டாக் முடியாதும்பாரு, இங்க இருந்து போனா இந்த மாறின உலகத்தோட 2015க்குத்தான் போவோம், அதனால 1955க்கே போயி புக்க புடுங்கணும்னு போர்டுல கோடு போட்டு வெளக்குவாரு. அதே கோடு கிழவனுக்கு மட்டும் கெடையாதா? திரும்பி வந்ததும் நெஞ்ச புடிச்சுக்கிட்டு தள்ளாடுவான்ல, அப்படியே மறைஞ்சு போற மாதிரியும் எடுத்து கடைசில வெட்டிட்டாங்க. ஆனா அது இருந்திருந்தாலும் அவன் அந்த 2015க்கு எப்படி வந்தான்னு பதில் இல்ல.

மாற்றம் வந்து சேர டைம் ஆகும், முதல் பாகத்துல மார்ட்டியும் அண்ணன் அக்காவும் நிக்கிற போட்டோ மெதுவா அழியிற மாதிரின்னு சப்பக்கட்டு கட்டுவாங்க. அந்த போட்டோவே பெரிய கூத்து. அப்பா அம்மா சேரலன்னா மூணு பிள்ளையும் ஒண்ணா இல்லாம போகணும், அது என்ன பெரியவன் தலைல ஆரம்பிச்சு சீனியாரிட்டி படி அழியிறது? ஆளே இல்லாத எடத்த யாரு நின்னு போட்டோ எடுத்தா?

சும்மா_பாரு:
அய்யோ படத்த படமா பாருங்கப்பா. டைம் மெஷின நம்புவீங்க, பிஃப் வந்தத நம்ப மாட்டீங்களா.

செந்தூல்காரன்:
@சும்மா_பாரு அப்படி இல்ல அண்ணே. காதுல பூ சுத்தட்டும், டிக்கெட் வாங்கும்போதே காத காட்டிட்டுத்தான் உக்கார்றோம், ஆனா முதல்ல சுத்தின பூவையே கடைசி வரைக்கும் சுத்தணும்ல, நடுவுல பூவ மாத்துனா எப்படி.

டெர்மினேட்டர் பாருங்க, 1984ல வந்தது. 2029ல இருந்து வர்ற வீரன் கைல்தான் சாராவோட மகன் ஜானுக்கே அப்பா, அவன அனுப்புறதே ஜான்தான். பெட்ரோல் ஸ்டேஷன்ல ஒரு பையன் சாராவ எடுக்கிற போட்டோதான் பின்னாடி கைல் கைக்கு போகும். யாரு ஆரம்பிச்சாங்கன்னே சொல்ல முடியாது, பாம்பு வால கடிச்ச மாதிரி, ஆனா வட்டம் முழுசா மூடுது, ஓட்டை இல்ல. 1991ல ரெண்டாவது பாகம், படம் அதவிட சூப்பர், ஆனா வட்டம் உடஞ்சு போச்சு. முதல் ரோபோவோட சிப்பையும் கையையும் வச்சுத்தான் மனுஷங்கள அழிக்கிற ஸ்கைநெட் கம்ப்யூட்டரே உருவாகுதுங்கிறான், அப்புறம் ரெண்டையும் உருக்கி அழிச்சிடுறான். ஸ்கைநெட் வராதுன்னா கைல் வரமாட்டான், கைல் வரலன்னா ஜான் ஏது? அவன் பாட்டுக்கு நின்னு அழுதுகிட்டு இருக்கான்.

அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் இன்னும் மோசம். பழசுல போயி எத மாத்துனாலும் உன்னோட இன்னைக்கு மாறாதுன்னு ஹல்க் பாடம் எடுப்பாரு, கடைசில பழசுக்கு போயி அங்கயே வாழ்ந்துட்ட கேப்டன் அமெரிக்கா கிழவனா வந்து பெஞ்சுல உக்காந்திருப்பாரு. அது எப்படின்னு கேட்டா எழுதுனவங்க ஒண்ணு சொல்றாங்க, எடுத்தவங்க வேற சொல்றாங்க.

பினாங்கு_அக்கா:
எனக்கு ஓட்டைய விட காடி கவலை 😄 அது நாளத்தான் மாத்தும், நின்ன எடத்த மாத்தாது. மார்ட்டி மால் பார்க்கிங்ல கெளம்பி 1955ல தோட்டத்துல போயி நிக்கிறான், அங்க ஒரு பைன் மரத்த இடிச்சு சாய்ப்பான், திரும்பி வந்தா ட்வின் பைன்ஸ் மால் பேரு லோன் பைன் மால் ஆகியிருக்கும் (இத எத்தன பேரு கவனிச்சீங்க? இது மட்டும் பக்கா). காலம் தாண்ட அந்த காடி மணிக்கு 88 மைல் வேகத்துல ஓடணும்ல, இப்ப நம்மாளு ஒருத்தன் பினாங்கு பாலத்துல அப்படி ஓட்டுறான்னு வைங்க. அது 140 கிலோமீட்டருக்கு மேல, பாலத்துல லிமிட் 80, முதல்ல சம்மன் வரும். 1955ல ஏது பாலம், தொறந்ததே 1985லதான். ஃபெரிக்கு பக்கத்துல நேரா கடல்ல போயி விழுவான்.

தே_ஓ_கோசோங்:
@பினாங்கு_அக்கா ஹாஹா. அப்ப இதையும் யோசிங்க. 1981 டிசம்பர் 31 ராத்திரி 11:30க்கு தீபகற்பத்துல கடிகாரத்த அரை மணி நேரம் தள்ளி வச்சு நேரா 12 ஆக்குனாங்க, சபா சரவாக் நேரத்தோட ஒண்ணாக்குறதுக்கு. அந்த காடில தேதி மணி ரெண்டையும் அமுக்கணும்ல, நான் கேஎல்ல உக்காந்து 31 டிசம்பர் 1981, ராத்திரி 11:45னு அமுக்குனா எங்க போவேன்? இங்க அப்படி ஒரு மணியே அடிக்கல.

பாகான்_பையன்:
ஐயோ இத மருமகன்கிட்ட சொல்லிடாதீங்க, லீவு முடிய இன்னும் நாலு நாள் இருக்கு. மைலோவும் தீந்து போச்சு.