நான்கு நெட்வொர்க்குக்கு நடுவில் ஃபயர்வால் சர்வரா, லேயர் 3 சுவிட்சா?

நெய்தல்:
எங்கள் அலுவலகத்தில் 70 கணினிகள், எல்லாம் இன்றுவரை ஒரே நெட்வொர்க்கில் (192.168.1.0/24) கிடக்கின்றன. அலுவலகம், கணக்குப் பிரிவு, சிசிடிவி, விருந்தினர் வைஃபை என நான்கு விலான்களாக (ஒரே சுவிட்சில் தனித்தனியாக இயங்கும் நெட்வொர்க்குகளாக) பிரிக்கப் போகிறேன். ஒரு ஐ5 கணினி சும்மா இருக்கிறது. அதில் ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளை ஏற்றி, நான்குக்கும் இடையிலான ரூட்டிங்கையும் (ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் பாக்கெட்டுகளை அனுப்பும் வேலையையும்) அதனிடமே விட்டுவிட நினைக்கிறேன். சுவிட்ச் விற்பவரோ ரூட்டிங்கையும் தானே செய்யும் லேயர் 3 சுவிட்ச் வாங்கச் சொல்கிறார். எது சரி?

கம்பிமுனை:
அவர் சொல்வதுதான் சரி. ரூட்டிங் செய்யவென்றே சுவிட்சில் தனி சிப் இருக்கிறது. ஃபயர்வால் இணைய வாசலில் நிற்கட்டும். 64 பைட் பாக்கெட்டுகளாக வந்தால் 1 ஜிபிபிஎஸ் என்பது நொடிக்கு 14.88 லட்சம் பாக்கெட். அத்தனையும் ஒரே கேபிளில் ஏறி, பழைய சிபியு வழியாகப் போய், அதே கேபிளில் இறங்க வேண்டும். அந்தக் கணினி படுத்துவிட்டால் ஒரு விலானிலிருந்து இன்னொன்றில் இருக்கும் பிரிண்டருக்குக்கூடப் போக முடியாது.

இரவுப்பணி:
கணக்கு சரி. ஆனால் எந்த அலுவலகத்தில் எல்லாமே 64 பைட்டாக ஓடுகிறது? கோப்பு நகலெடுக்கும்போது பாக்கெட் 1500 பைட். அப்போது அதே ஜிகாபிட் நொடிக்கு 81 ஆயிரம் பாக்கெட்தான், ஐ5 அசராது. வேகத்தை விடுங்கள், எதற்காகப் பிரிக்கிறோம்? 2017 மே மாதம் வான்னாக்ரை ரான்சம்வேர், விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான 445 போர்ட் வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. உள்ளே ஒரு கணினிக்கு வந்துவிட்ட பிறகு, வாசலில் நிற்கும் ஃபயர்வாலுக்கு அது கண்ணிலேயே படாது. சுவிட்ச் எல்லாவற்றையும் தடையில்லாமல் ரூட் செய்தால் விலான் பிரித்தும் பிரிக்காத மாதிரிதான்.

கம்பிமுனை:
சுவிட்சிலேயே ஏசிஎல் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற பட்டியல்) எழுதலாமே?

இரவுப்பணி:
எழுதலாம், ஆனால் அதற்கு நினைவு கிடையாது. அலுவலகத்திலிருந்து கேமராவைப் பார்க்க வேண்டும், கேமராவிலிருந்து யாரும் அலுவலகத்துக்குள் வரக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏசிஎல்லில் திரும்பி வரும் பதிலுக்கும் தனி வரி வேண்டும். 'எஸ்டாப்ளிஷ்டு' என்று போட்டாலும் அது பாக்கெட்டில் ஏசிகே அல்லது ஆர்எஸ்டி கொடி (ஏற்கெனவே தொடங்கிய பேச்சு என்பதற்கான அடையாளம்) இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும், அந்தக் கொடிகளே இல்லாத யுடிபி பாக்கெட்டுகளுக்கு அதுவும் உதவாது. ஓபிஎன்சென்ஸில் பாக்கெட்டுகளை வடிகட்டும் பிஎஃப், யார் பேச்சைத் தொடங்கினார் என்று ஸ்டேட் டேபிளில் குறித்துவைத்துக்கொள்ளும். அதனால் ஒரே ரூல் போதும்.

கம்பிமுனை:
அந்த நினைவால்தான் நான் இரண்டு நாள் தூங்கவில்லை. ஒரு இடத்தில் கோப்பு சர்வருக்கு 10, 20 என்ற எண்ணுள்ள இரண்டு விலானிலும் ஒவ்வொரு நெட்வொர்க் கார்டு. 10-ல் இருந்த கணினிகள் அதன் 20 முகவரிக்குப் போயின. கோரிக்கை ஃபயர்வால் வழியாகப் போனது. பதில், சர்வரின் 10 கார்டிலிருந்து நேராகவே வந்துவிட்டது. பிங் அழகாகப் போகிறது, கோப்பு மட்டும் தொங்குகிறது! லாக் முழுக்கத் தடுக்கப்பட்ட ஏசிகே பாக்கெட்டுகள். போன வழியே பதில் திரும்பாவிட்டால் பிஎஃப் ஏற்காது. சுவிட்சாக இருந்தால் பேசாமல் அனுப்பியிருக்கும்.

இரவுப்பணி:
அனுப்பியிருக்கும், அந்த சர்வர் இரண்டு விலானுக்கும் திருட்டுப் பாலமாக இருப்பதும் உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். ஒரு சர்வருக்கு ஒரு விலானில்தான் கால் இருக்க வேண்டும். அந்தக் கார்டைக் கழற்றுவதுதான் தீர்வு.

நெய்தல்:
16 கேமரா, ஒவ்வொன்றும் 4 எம்பிபிஎஸ். இந்த 64 எம்பிபிஎஸ் எந்நேரமும் ஃபயர்வால் வழியாகவா ஓடும்?

கம்பிமுனை:
கேமரா படங்களைப் பதிவு செய்யும் என்விஆரைக் கேமரா விலானிலேயே வையுங்கள், ஃபயர்வாலைத் தொடவே தொடாது. பேக்கப் எடுக்கும் நாஸையும் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியையும்) கோப்பு சர்வர் இருக்கும் விலானிலேயே வையுங்கள். அப்படி வைக்க முடியாத இடத்தில், இரவெல்லாம் டெராபைட் கணக்கில் ஓடும் என்றால், நான் இப்போதும் சுவிட்ச் பக்கம்தான்.

இரவுப்பணி:
நெய்தல், ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஃபயர்வாலில் ஒவ்வொரு விலானும் ஒரு இன்டர்ஃபேஸ். புதிதாகச் சேர்க்கும் இன்டர்ஃபேஸில் ரூலே இருக்காது, அதனால் எல்லாம் அடைபட்டிருக்கும். விருந்தினருக்கு நெட் வரவில்லையே என்று அவசரத்தில் சேருமிடம் 'எனி' (எங்கும்) என்று ஒரு அனுமதி ரூல் போடுவார்கள். அந்த 'எனி'யில் கணக்குப் பிரிவும் அடக்கம். முதலில் தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸுக்கு அனுமதி, அடுத்து உள் நெட்வொர்க் முகவரிகளான 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 மூன்றுக்கும் தடை, அதற்குக் கீழேதான் 'எனி'. ரூல்கள் மேலிருந்து கீழாகத்தான் படிக்கப்படும், முதலில் பொருந்துவதே செல்லும்.

நெய்தல்:
ஞாயிறன்று மாற்றிவிட்டேன், ஓபிஎன்சென்ஸ்தான். விருந்தினர் வைஃபையிலிருந்து மடிக்கணினியில் கணக்கு சர்வரின் 445-ஐத் தட்டிப் பார்த்தேன். திறக்கவில்லை, தடுத்தது லாக்கில் பதிவாகியிருக்கிறது. ஆனால் அலுவலகப் பிரிண்டர் கணக்குப் பிரிவுக்குத் தானாகத் தெரியவில்லை. ரூல் திறந்துதான் இருக்கிறது.

கம்பிமுனை:
அது ரூல் கோளாறு இல்லை. பிரிண்டர் தன்னை 224.0.0.251 என்ற மல்டிகாஸ்ட் முகவரியில் அறிவிக்கும், அது ரூட்டரைத் தாண்டாது. சுவிட்ச் ரூட் செய்தாலும் இதே கதைதான். ஐபி முகவரி கொடுத்துச் சேருங்கள், இல்லையென்றால் அந்த அறிவிப்பை மற்ற விலானிலும் திருப்பிச் சொல்லும் எம்டிஎன்எஸ் ரிப்பீட்டர் பிளக்இன் இருக்கிறது. அப்புறம், இன்றைக்கே ஓபிஎன்சென்ஸின் அமைப்புகள் அடங்கிய கான்ஃபிக் கோப்பை இறக்கி வேறிடத்தில் வையுங்கள். வேறு கணினியில் ஏற்ற நேர்ந்தால் கார்டுகளின் பெயர் மாறலாம், இன்டர்ஃபேஸ்களை மறுபடி பொருத்த வேண்டிவரும்.