பொட்டலில் திரியும் பழுப்புக் குருவிகள்

தேன்சிட்டு, சில்லை இவற்றைப் பிரித்தறிவது பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அவற்றுக்கு நிறமாவது துணைக்கு வரும். எங்கள் செட்டிநாட்டுப் பொட்டலில் திரிகிற வயல் நெட்டைக்காலிக்கும் ஜெர்டன் புதர் வானம்பாடிக்கும் அந்த வசதியும் கிடையாது. இரண்டும் காய்ந்த புல்லின் பழுப்பு, இரண்டுக்கும் மார்பில் கரும்புள்ளியோ கீற்றோ உண்டு, நீளமும் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர்தான்.

கானாடுகாத்தானுக்கு வெளியே வற்றிக்கிடந்த ஒரு கண்மாயின் உள்வாயில் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கிடைத்தது. பைனாகுலரோடு நின்ற என்னிடம், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் வந்தார்.

“என்ன தம்பி, ரொம்ப நேரமா அங்கயே பாக்குறீங்க?”

“குருவிங்கய்யா. ரெண்டும் ஒண்ணுபோலவே இருக்கு.”

“எங்க ஒண்ணுபோல இருக்கு? இது ஆட்டுக்கு முன்னால ஓடும், நின்னு வாலை ஆட்டும். அது முள்ளு மேல ஏறி உக்காந்து கத்தும்.”

எந்தக் கையேட்டையும் விட இது எனக்குப் பயன்பட்டது. நெட்டைக்காலி பேருக்கேற்ற நீண்ட கால்களால் விறுவிறுவென ஓடும், நிமிர்ந்து நிற்கும், வாலை மேலும் கீழும் அசைக்கும். அலகு மெல்லியது. எழுந்து பறந்தால் வாலின் இரு ஓரமும் வெள்ளையாகத் தெரியும். வானம்பாடி குட்டையாக, பருமனாக இருக்கும். தானியம் உடைக்கிற தடித்த அலகு. பறக்கும்போது இறக்கையில் செம்பழுப்பு பளிச்சென்று தெரியும், வால் ஓரத்தில் வெள்ளை இருக்காது.

அப்புறம், அதன் பாட்டு. வேலிக்கல்லிலோ காரைப்புதர் உச்சியிலோ இருந்து செங்குத்தாக எழும்பும். பிறகு இறக்கைகளை உயர்த்திப் பிடித்து, கால்களைத் தொங்கவிட்டு, உலோகம் அதிர்வதுபோல நீட்டி ஒலித்தபடி கீழே இறங்கும். இதைப் பார்த்துவிட்டால் அடையாளத்தில் சந்தேகமே வராது. ஆண்டு முழுக்கக் காத்திருந்து பார்க்கலாம், அவ்வளவு அழகு.

இந்தப் பறவையின் பெயரில் இருக்கிற ஜெர்டன், 19-ஆம் நூற்றாண்டில் மதராஸ் மாகாணத்தில் பணிபுரிந்த மருத்துவர். வட இந்தியாவின் வங்கப் புதர் வானம்பாடியும் இதுவும் ஒரே இனம் என்றுதான் நெடுநாள் வைத்திருந்தார்கள். 1998-இல் பெர் ஆல்ஸ்ட்ரோம் என்ற பறவையியலாளர் தனி இனமாகப் பிரித்துக் காட்டினார். பாட்டும் பறந்து பாடும் விதமும் அதற்கு முக்கியச் சான்றுகள். வங்கப் புதர் வானம்பாடி வானில் சுற்றிச் சுற்றி நெடுநேரம் பாடும். நம்முடையது மேலே போய்ச் சட்டென்று இறங்கிவிடும். ஆராய்ச்சியாளர்களே காதை நம்பும்போது நாம் ஏன் இறகின் நிறத்தோடு மட்டும் மல்லுக்கட்ட வேண்டும்?

சாம்பல்தலை வானம்பாடியும் இதே பொட்டலில் உண்டு. ஆணுக்கு வயிறு கறுப்பு, குழப்பம் இல்லை. பெண்தான் பெண் சிட்டுக்குருவி மாதிரி இருக்கும். அது புதரில் ஏறாது, தரையிலேயே கிடக்கும். பெரும்பாலும் பக்கத்தில் ஆணும் இருக்கும். சற்றுப் பொறுத்தால் போதும்.

ஒன்று வருத்தத்தோடு சொல்கிறேன். வெறும் பொட்டல்தானே என்று தைலமரம் நட்டுவிடுகிறார்கள். மரம் நெருங்கி வளர்ந்த இடத்தில் இந்தப் பறவைகளுக்கு வாழ்வில்லை. இவை கூடு வைப்பது திறந்த வெளியின் தரையில். அதனால் இனப்பெருக்கக் காலத்தில் போகிறவர்கள் தடம் பார்த்துக் கால் வையுங்கள். போனில் பாட்டைப் போட்டு ஆணை வரவழைக்கவும் வேண்டாம்.

குளிர்காலத்தில் ரிச்சர்ட் நெட்டைக்காலி வலசை வரும். வயல் நெட்டைக்காலியை விடப் பெரிது, குரலும் கரகரப்பாக இருக்கும். மார்கழி, தை மாதங்களில் தேவகோட்டை, கல்லல் பக்கத்துக் கண்மாய்களுக்குப் போகிறவர்கள் அந்தக் குரல் கேட்டால் பதிவு செய்து இங்கே போடுங்கள். படத்தை விட அதுதான் உதவும்.