வியாழக்கிழமை வரமாட்டேன் என்கிறார் அப்பாயி

நிலா (இரவு 9.12): எல்லோரும் பாருங்கள், அவசரம். மூட்டு ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்று அப்பாயி சொல்லிவிட்டார். கட்டி வைத்த பையைப் பிரித்துப் புடவைகளைப் பீரோவில் அடுக்கிவிட்டார்.

குமார் சித்தப்பா: என்ன திடீரென்று? முன்பணம் கட்டியாகிவிட்டதே.

நிலா: கவின் போனில் அப்பாயிக்குச் சொன்ன கதை நேற்று ராத்திரி முடிந்தது. காலையிலிருந்தே பேச்சில்லை.

மீனா அத்தை: எது நடந்தாலும் என் பிள்ளைதான் காரணமா?

கவின்: அம்மாயிதான் தினமும் போன் போட்டு மீதியைக் கேட்டார். 4 பகுதிகள், 4 இரவுகள்.

மீனா அத்தை: பேய்க்கதையா?

கவின்: இல்லை அம்மா. ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ என்ற ஆங்கில ஒலி நாடகம். 2002இல் பிக் ஃபினிஷ் நிறுவனம் வெளியிட்டது, டாக்டர் ஹூ வரிசையில். டாக்டர் ஹூ பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர், காலத்தில் பயணிக்கும் ‘டாக்டர்’தான் நாயகன். மொண்டாஸ் என்ற கிரகம் சூரியனை விட்டு வெகுதூரம் விலகிவிடுகிறது. மக்கள் மண்ணுக்கு அடியில் நகரம் கட்டி வாழ்கிறார்கள். மேலே போய் வேலை செய்ய உடம்பு தாங்காது என்று ஒவ்வோர் உறுப்பாக மாற்றுகிறார்கள். பிழைப்பதற்காகத் தொடங்கியது, குறையே இல்லாத உடம்பு என்ற வெறியில் போய் நிற்கிறது. வலி வேண்டாம், பயம் வேண்டாம், கடைசியில் அழுகையும் வேண்டாம். அவர்கள்தான் சைபர்மேன்.

குமார் சித்தப்பா: மூட்டு மாற்றப்போகிறவரிடம் சொல்லும் கதையா இது?

கவின்: அது தோன்றவில்லை மாமா. விடுதி அறையில் தனியாகக் கேட்டு அழுதுவிட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. அம்மாயிதான் குறுக்கே பேசாமல் கேட்பார்.

பெரியப்பா: கவின் சொன்னது சரி, முழுவதும் இல்லை. 1966இல் சைபர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர் கிட் பெட்லர். லண்டனில் கண் மருத்துவ ஆராய்ச்சி செய்தவர். உறுப்புகளை மாற்றிக்கொண்டே போனால் எந்த இடத்தில் மனிதன் மனிதனாக இல்லாமல் போகிறான் என்பது அவருடைய கவலை. கேப் டவுனில் பர்னார்ட் என்ற மருத்துவர் முதன்முதலாக ஒரு மனிதரின் இதயத்தை இன்னொருவருக்கு மாற்றியது 1967 டிசம்பர் 3. அதற்கு முன்பே கவலைப்பட்டிருக்கிறார். தொலைக்காட்சியில் முதலில் வந்த சைபர்மேனுக்கு முகத்தில் துணி, கைகள் மட்டும் மனிதக் கைகள். ஆனால் அம்மாவுக்கு எடுக்கப்போவது தேய்ந்துபோன மேல்பரப்பை மட்டும். அங்கே கோபால்ட் குரோமியம் கலந்த உலோகம், நடுவில் பாலிஎத்திலின் என்ற பிளாஸ்டிக். தசையும் நரம்பும் அவருடையவைதாம். 10 பேரில் 8 பேருக்கு 25 ஆண்டுகள் உழைக்கிறது.

குமார் சித்தப்பா: அண்ணா, அம்மாவுக்கு 79.

மீனா அத்தை: அதனால் என்ன? 104 வரை இருக்கட்டும்.

குமார் சித்தப்பா: நான் அப்படிச் சொல்லவில்லை. நிலா, மாடித் தொட்டி மோட்டார் சரியாகிவிட்டதா?

நிலா: காயில் எரிந்துவிட்டதாம் சித்தப்பா. 3,500 கேட்கிறார்.

குமார் சித்தப்பா: போன மாதம்தானே காயில் கட்டினோம்!

மீனா அத்தை: இப்போது மோட்டாரா முக்கியம்?

நிலா: அப்பாயி இரும்புக்குப் பயப்படவில்லை, பெரியப்பா. கதையில் வரும் இவோன் என்ற பெண்ணைப் பற்றியே கேட்கிறார்.

கவின்: சாதாரண வீட்டுப் பெண். அழைத்துப் போய்ப் பாதி மாற்றிவிடுகிறார்கள். அந்தக் கோலத்திலேயே வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். அவளுடைய அப்பா உள்ளே அழைத்துப் பண்டிகை மரத்தைக் காட்டுகிறார். முகம் பார்க்க முடியாது, இயந்திரக் குரலும் அப்பாவின் குரலும் மட்டும். அதைச் சொன்னபோது அம்மாயி ‘ம்’ கூடக் கொட்டவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

மீனா அத்தை: கடைசியில் அந்த டாக்டர் காப்பாற்றிவிடுவாரா?

கவின்: இல்லை அம்மா. அவருடைய உடம்பையே மாதிரியாக எடுத்துக்கொள்கிறார்கள். தடுத்துவிட்டோம் என்று நம்பிக் கிளம்புகிறார். அது நிற்கவில்லை.

நிலா: அப்பாயி பக்கத்தில் இருக்கிறார். சொல்லச் சொல்ல எழுதுகிறேன். “அந்தப் பெண்ணாவது வீட்டுக்கு வழி தெரிந்து வந்தாள். உங்கள் அப்பா ஆபரேஷன் முடிந்து மூன்று நாள் என் முகத்தைப் பார்த்து, நீங்கள் யார் வீட்டு அம்மா என்று கேட்டார். நானும் அப்படிக் கேட்டுவிட்டால்?”

குமார் சித்தப்பா: இது எனக்குத் தெரியாதே.

மீனா அத்தை: எப்படித் தெரியும்? நீ துபாயில் இருந்தாய். மூன்று நாளும் நான்தான் இருந்தேன். அப்பா கையை உதறிவிடுவார். அம்மா விடாமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் காலையில் “காபி போட்டாயா” என்று கேட்ட பிறகுதான் எழுந்தார்.

பெரியப்பா: அம்மா இதை இத்தனை வருஷம் மனதில் வைத்திருந்தார் என்று நினைக்கவே இல்லை. நிலா, வாசித்துக் காட்டு. பெரிய ஆபரேஷனுக்குப் பின் வயதானவர்களுக்கு அப்படிக் குழப்பம் வருவதுண்டு. அப்பாவுக்குப் போலவே பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். மூட்டுக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்ய முடியும். முழு மயக்கம் தேவையா என்று நாளைக் காலை மயக்க மருத்துவரிடம் நானே கேட்கிறேன். குழப்பம் வரவே வராது என்று பொய் சொல்ல மாட்டேன். கண் திறந்ததும் கண்ணாடி, காதுக் கருவி இரண்டையும் மாட்டிவிட வேண்டும். தெரிந்த முகம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மீனா அத்தை: நான் இருக்கிறேன்.

குமார் சித்தப்பா: இந்த முறை நானும் வருகிறேன். வெள்ளி, சனி இரவு என்னுடையது.

மீனா அத்தை: வந்தால் பார்ப்போம்.

கவின்: அம்மாயி, என் மீது கோபமா?

நிலா: கோபம் இல்லையாம். அந்த அப்பா பிறகு என்ன ஆனார் என்று நீ சொல்லவே இல்லையாம். நாளைக்குச் சொல்ல வேண்டுமாம்.

பெரியப்பா: முதலில் வியாழக்கிழமை வருகிறாரா என்று கேள்.

நிலா: டாக்டர் சொல்வதைக் கேட்டுவிட்டுப் புதன்கிழமை சொல்கிறாராம். காதுக் கருவிக்கு பேட்டரி இரண்டு அட்டை வாங்கி வரச் சொன்னார்.

மீனா அத்தை: அப்படியானால் வருகிறாரா?

நிலா: கேட்டேன். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

குமார் சித்தப்பா: மோட்டாருக்கு 3,500 அனுப்பிவிட்டேன். பழைய காயிலைக் கேட்டு வாங்கி வை.