வெள்ளி நனோ துணிக்கையில் 1384 உச்சி: இது இலைச்சாற்றின் பூச்சுத்தானா?

முருங்கைப்பூ (யாழ்ப்பாணம்):
முருங்கை இலைச்சாற்றுடன் வெள்ளி நைத்திரேற்றைச் சேர்த்து நனோ துணிக்கைகள் செய்தேன். கரைசல் கபில நிறமானது; 420 நனோமீற்றர் அருகே உறிஞ்சலும் வந்தது. மேலே போர்த்தியிருப்பது எந்த மூலக்கூறு என்று அறிய, பொற்றாசியம் புரோமைட்டு உப்புடன் அரைத்து அழுத்திய வில்லையில் அகச்சிவப்பு நிறமாலை எடுத்தேன். அலைவெண் (cm⁻¹) 3400 இல் அகன்ற பட்டை, 1635 இல் ஒன்று, 1384 இல் ஊசிபோல் ஒன்று. பல கட்டுரைகளில் 1635 ஐப் புரதத்தின் ஏமைட்டு (அமினோ அமிலங்களை இணைக்கும் பிணைப்பு) என்றும் 1384 ஐக் காபொட்சிலேற்று (கரிம அமிலத்தின் அயன் தொகுதி) என்றும் எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படி எழுதலாமா?

வடலி:
வேண்டாம் தங்கச்சி. 1384 இல் அவ்வளவு கூராக நிற்பது பெரும்பாலும் நைத்திரேற்று. எஞ்சிய வெள்ளி நைத்திரேற்று, வில்லைக்கு அரைக்கும்போது புரோமைட்டுடன் அயன் மாற்றிப் பொற்றாசியம் நைத்திரேற்றாகிவிடும். காபொட்சிலேற்று தனியே வராது; 1400 அருகே ஒன்று, 1580–1600 பக்கம் இன்னொன்று என அகன்ற சோடியாக வரும். கட்டுரைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுகின்றன, வேறென்ன!

பனங்கூடல்:
1635 உம் எனக்குச் சந்தேகம்தான். இந்த மாரியில் வில்லைக்கு எடுக்கும் புரோமைட்டு உப்பு ஈரத்தைக் குடித்துவிடும். நீருக்கும் 3400, 1640 அருகேதான் பட்டைகள். புரதமென்றால் 1540 அருகே இரண்டாவது ஏமைட்டுப் பட்டை இருக்க வேண்டும். இருக்கிறதா? உப்பை 110 பாகையில் உலர்த்தி, முதலில் வெறும் வில்லையை எடுத்துப் பாருங்கள்.

முருங்கைப்பூ:
1540 இல் ஒன்றுமில்லை அண்ணா. இலையை வீட்டுக் கிணற்று நீரில் கழுவினேன். நைத்திரேற்று அதிலிருந்து வந்திருக்குமோ?

வடலி:
வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் உரத்தால் நைத்திரேற்று கூடியிருப்பது உண்மை. ஆனாலும் நீங்கள் போட்ட வெள்ளி உப்புக்கு முன்னால் அது எம்மாத்திரம்? கிணற்று நீரில் எனக்குப் பயம் குளோரைட்டுத்தான். வெள்ளிக் குளோரைட்டாக வீழ்படிந்துவிடும். கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீர் எடுங்கள். துணிக்கைகளை மையநீக்கியில் சுழற்றி, மேல்நீரை ஊற்றி, மறுபடி நீரில் கலக்கிச் சுழற்றுங்கள், இப்படிப் பலமுறை. இலைச்சாற்றைத் தனியே உலர்த்தி அதற்கும் ஒரு நிறமாலை எடுங்கள். அது இல்லாமல் பூச்சைப் பற்றிப் பேசவே முடியாது.

முருங்கைப்பூ:
கழுவியபின் 1384 ஏறத்தாழ மறைந்துவிட்டது! உலர்த்திய உப்பில் 3400 உம் சுருங்கியது. இப்போது 1595, 1402 இல் மெலிந்த, அகன்ற பட்டைகள். சாற்றில் அவை 1597, 1405. இந்த நகர்வைப் பிணைப்புக்குச் சான்றாகக் காட்டலாமா?

பனங்கூடல்:
உங்கள் கருவியின் பிரிதிறன் (அது பிரித்தறியும் மிகச் சிறிய இடைவெளி) எவ்வளவு? 4 என்றால் இரண்டு மூன்று அலகு நகர்வை நம்ப வேண்டாம். காபொட்சிலேற்று ஒட்டியிருக்கிறது என்பது வரை எழுதுங்கள். எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதை விட்டுவிடுங்கள்.