மஞ்சள் ரயிலில் பிரான்ஸ் - ஸ்பெயின் எல்லை: இரண்டு நாள் போதுமா?

வணக்கம் நண்பர்களே. பிரான்சின் தென்கோடியில் பிரெனே மலைகளின் ஊடே ஓடும் மஞ்சள் ரயிலில் செப்டம்பர் கடைசியில் செல்லத் திட்டம். போய்வந்தவர்கள் திருத்தம் சொல்லுங்கள்.

முதல் நாள் பெர்ப்பிஞ்ஞானிலிருந்து சாதாரண ரயிலில் வில்ஃப்ரான்ஷ். மதில் சூழ்ந்த ஊர், அதற்கு மேலே லிபேரியா கோட்டை. ஊரிலிருந்து கோட்டைக்குப் பாறையைக் குடைந்த 734 படிகள். முழங்கால் வலி உள்ள அம்மாவும் வருவதால், படி ஏறாமல் கோட்டைக்கு வண்டியிலேயே போய் வண்டியிலேயே திரும்ப முடியுமா?

மறுநாள் அங்கிருந்து மஞ்சள் ரயில். கடைசி நிலையமான லத்தூர்-த-கரோல் வரை 63 கிலோமீட்டர், ஏறக்குறைய மூன்று மணி நேரம். நடுவில் 1593 மீட்டர் உயரத்தில் பொல்கேர்-ஏன் நிலையம். பிரெஞ்சுக் கோட்டைப் பொறியாளர் வோபான் 1679இல் கட்டத் தொடங்கிய மோன்-லூயி கோட்டை நகரில் இறங்கியே ஆகவேண்டும். 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஆனால் ரயில்கள் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் பல மணி நேரம் காத்திருக்க நேரும். சின்ன நிலையங்களில் கேட்டால்தான் நிற்கும், இறங்குவதை முன்பே நடத்துநரிடம் சொல்லவேண்டும்.

என் கேள்விகள்: திறந்த பெட்டி செப்டம்பர் கடைசியிலும் ஓடுமா? இடம் பிடிக்க எவ்வளவு முன்னதாகப் போகவேண்டும்? நான்கு பக்கமும் பிரான்ஸ் சூழ்ந்த ஸ்பானிய ஊரான லீவியாவுக்கு எந்த நிலையத்தில் இறங்கினால் நடை குறைவு? பிரான்சும் ஸ்பெயினும் செய்துகொண்ட 1659 எல்லை ஒப்பந்தம் இப்பகுதியின் கிராமங்களை மட்டுமே பிரான்சுக்குத் தந்தது; லீவியா நகரத் தகுதி பெற்றிருந்ததால் ஸ்பெயினிலேயே தங்கிவிட்டது. அதைப் பார்க்காமல் திரும்ப மனமில்லை.