மிதக்கும் ‘பின்’னுக்கு ஒரு சொல், சனிக்கிழமைக்குள்

மொரீஷியஸின் ரோஸ் ஹில் மாலை வகுப்பிலிருந்து:
மண் ஈரம் அளக்கும் கருவியைப் பிள்ளைகள் செய்தார்கள். பட்டன் பேட்டரி எட்டே நாளில் தீர்ந்துவிட்டது. கருவியின் சில்லு (மைக்ரோசிப்) வேலையின்றி உறங்கும்போதும் மீட்டரில் மின்னோட்டத்தின் எண் நிலைக்கவில்லை. பலகைக்கு மேல் கையைக் கொண்டுபோனால் ஏறியது, எடுத்தால் இறங்கியது. எதனோடும் இணைக்காமல் விட்ட உள்ளீட்டுப் பின்கள்தான் (pin, சில்லின் உலோகக் கால்கள்) காரணம். மின்னழுத்தம் 0 என்ற தாழ்நிலையிலும் சேராமல் 1 என்ற உயர்நிலையிலும் சேராமல் நடுவில் நின்றால், உள்ளே இருக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்களும் பாதி திறந்து, மின்சாரம் வீணாகத் தரைக்கு ஓடுகிறது. பாடக்குறிப்பு சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இப்படி விட்ட பின்னை (floating pin) ‘மிதக்கும் பின்’ என்று எழுதலாமா? ‘இணைத்த பின் சரிபார்க்கவும்’ என்ற வரியைப் படித்த மாணவி, பின்னைச் சரிபார்ப்பதா, இணைத்தபிறகு சரிபார்ப்பதா என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

மோகாவிலிருந்து:
தம்பி, பின்னை விடுங்கள், முனை என்போம். 1998இல் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது அந்த நோட்டுகளையே திரும்பப் பெறவைத்த சமூகம் நாம். என் பரிந்துரை ‘தூங்குமுனை’. பழந்தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதல், அசைதல். அந்தரத்தில் நின்ற கோட்டையைச் சோழன் அழித்ததைத் ‘தூங்கெயில் எறிந்த’ என்றுதான் புலவர்கள் பாடினார்கள். வினைத்தொகை, முக்காலமும் அடங்கும். யானைக்குத் ‘தூங்கல்’ என்று பெயர் வந்ததும் அது நின்றபடியே அசைவதால்தான். தொட்டில் அசைந்து அசைந்தே உறக்கத்துக்கும் அந்தச் சொல் வந்தது என்பது என் நெடுநாள் எண்ணம்.

குவாத்ர் போர்னிலிருந்து:
ஐயா, யானை இருக்கட்டும். சில்லைத் தூங்கவிடாத முனைக்கா தூங்குமுனை என்று பெயர்? ‘உறக்கநிலைக்கு முன் தூங்குமுனைகளைக் கவனிக்க’ என்று எழுதினால் வகுப்பே சிரிக்கும். ‘அலைமுனை’ போதும். தீர்வையும் குறிப்பில் சேருங்கள்: ஏடிமெகா328பி சில்லின் உள்ளேயே 20 முதல் 50 கிலோ ஓம் வரையிலான மேலிழு தடை (pull-up resistor) இருக்கிறது, அதை இயக்கினால் முனை 1இல் நிற்கும். வெளியீடாக மாற்றி 0இல் வைப்பதும் உண்டு. ஆனால் பிற்பாடு யாராவது அதே முனையில் நேர்மின் கம்பியைச் செருகினால் முனை கெட்டுப்போகலாம். பிள்ளைகள் செருகுவார்கள்.

மோகாவிலிருந்து:
அலைமுனை என்றால் கடலலையின் முனை. பெயரா வினையா என்று யார் பிரிப்பது?

ரோஸ் ஹில்லிலிருந்து:
நான்கு பேர் ‘தொங்குமுனை’ என்கிறார்கள். அதையே போட்டுவிட்டேன்.

மோகாவிலிருந்து:
போடுங்கள். தொங்கு என்பது தூங்குவின் தம்பி என்று ஓர் அடிக்குறிப்பாவது வேண்டும்.

ரோஸ் ஹில்லிலிருந்து:
ஐயா, அடியில் மேலிழு தடையின் படம் இருக்கிறது. இடம் இல்லை.