அம்மாவின் பட்டன் போன்: என் கால் மட்டும் போகவில்லை, சிலிண்டர் ஓடிபியும் வரவில்லை

அயனாவரம்_மகன்

வணக்கம். அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அயனாவரத்தில் தனியாக இருக்கிறார், நான் வேலைக்காகச் சோழிங்கநல்லூர் பக்கம் குடியிருக்கிறேன். டச் போன் அவருக்கு ஒத்துவரவில்லை, விரல் பட்ட இடமெல்லாம் ஏதோ திறந்துகொள்கிறது என்று ஒரு சாதாரண பட்டன் போன் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு சிம் போடலாம், டார்ச், எஃப்எம் உண்டு. கேமரா பெயருக்கு ஒன்று.

நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது இரண்டு தொல்லை.

முதல் தொல்லை, நான் கூப்பிட்டால் போவதில்லை. ஒரு ரிங் முழுதாகப் போவதற்குள் பிஸி டோன் வந்துவிடுகிறது. காலையில் அடித்தாலும் ராத்திரி அடித்தாலும் அதேதான். அம்மாவைக் கேட்டால் "போனே அடிக்கலையேப்பா" என்கிறார். ஆனால் அவர் என்னைக் கூப்பிட்டால் வருகிறது, பேச முடிகிறது.

அடுத்தது, சிலிண்டர் கொண்டுவருபவர் ஓடிபி கேட்கிறார், அது வரவே மாட்டேன் என்கிறது. ஏஜென்சியில் விசாரித்துவிட்டேன், நம்பர் சரியாகவே பதிவாகியிருக்கிறது. போன தடவை பக்கத்து வீட்டு அக்கா பேசிச் சமாளித்தார். ஒவ்வொரு முறையும் அப்படி நடக்காது.

சிம் கோளாறா, போன் கோளாறா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டச்_மட்டும்

இந்தக் காலத்தில் பட்டன் போனா? பெரிய எழுத்து வைத்த ஸ்மார்ட்போனாகக் கொடுங்கள் சார், வீடியோ காலும் பேசலாம்.

கீபேட்_காலத்து_ஆள்

கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் போடலாமே தம்பி. டச் வேண்டாம் என்றுதானே மாற்றியிருக்கிறார்.

மகன் அவர்களுக்கு: முதலில் # பட்டனைச் சந்தேகப்படுங்கள். நிறைய பட்டன் போன்களில் # ஐ அழுத்திப் பிடித்தால் சைலண்ட் ஆகிவிடும், மறுபடி பிடித்தால் ரிங் திரும்ப வரும். * ஐ அழுத்திப் பிடித்தால் கீபேட் லாக். இரண்டும் கடைசி வரிசையில், பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. வயதானவர்கள் லாக் போடுவதாக நினைத்துச் சைலண்டில் போட்டுவிடுவார்கள். திரையின் மேலே கோடு போட்ட மணியோ ஸ்பீக்கரோ தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அயனாவரம்_மகன்

நன்றி சார். பக்கத்து வீட்டு அக்காவைப் பார்க்கச் சொன்னேன். அப்படி எந்தக் குறியும் இல்லையாம். அவர் தன் போனிலிருந்து கூப்பிட்டதும் தெருவுக்கே கேட்கிற மாதிரி அடித்ததாம். நான் உடனே கூப்பிட்டுப் பார்த்தேன், பழையபடி பிஸிதான்.

ஸ்ரீபெரும்புதூர்_அக்கா

பாதி விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அடுத்தவர் கால் அடிக்கிறது, உங்களுடையது மட்டும் பிஸி. அப்படியென்றால் சிம்மும் சரி, சிக்னலும் சரி, ஸ்பீக்கரும் சரி. உங்கள் நம்பர் அம்மா போனில் பிளாக்லிஸ்டில் விழுந்திருக்கிறது.

சைலண்டாக இருந்தால் உங்களுக்கு முழு ரிங்கும் கேட்டிருக்கும், அம்மா போனில் மிஸ்டு கால் என்று காட்டியிருக்கும். சுவிட்ச் ஆஃப் என்றாலோ சிக்னல் இல்லை என்றாலோ கம்பெனி அறிவிப்பு கேட்கும். போகிற கால் உடனே பிஸி ஆகிறது என்றால், போன் காலை வாங்கி நம்பரைப் பார்த்துத் தானே வெட்டுகிறது என்று அர்த்தம். வேறு நம்பரிலிருந்து, ஆபீஸ் லேண்ட்லைன் இருந்தால் அதிலிருந்து, ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். அடித்தால் சந்தேகமே வேண்டாம்.

அந்தப் பட்டியல் ஒவ்வொரு போனில் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். பெரும்பாலும் மெனுவில் செட்டிங்ஸ், அதில் கால் செட்டிங்ஸ், அதற்குள் பிளாக்லிஸ்ட். சிலதில் ரிஜெக்ட் லிஸ்ட் என்றோ ஸ்கிரீன் லிஸ்ட் என்றோ போட்டிருப்பார்கள். சிலதில் கால் லாக் திறந்து ஆப்ஷன்ஸ் போனால் அங்கேயே இருக்கும். உங்கள் நம்பரை மட்டும் எடுங்கள். கோபத்தில் முழு ரீசெட் போட்டுவிடாதீர்கள். போனில் சேமித்த நம்பர்களும் சேர்ந்து போய்விடும்.

ஓடிபி வேறு விஷயம். இன்பாக்ஸ் நிரம்பியிருக்கும். பட்டன் போனில் மெசேஜுக்கு இடம் கொஞ்சம், மெசேஜ்கள் சிம்மில் சேமிக்கிற மாதிரி வைத்திருந்தால் இன்னும் கொஞ்சம். நிரம்பிவிட்டால் புதிதாக எதுவும் உள்ளே வராது. மேலே ஒரு கடிதக் கவர் விட்டு விட்டு மின்னுகிறதா பாருங்கள், அதுதான் அடையாளம். பழையதை அழித்து இடம் விட்டதும் போனே நெட்வொர்க்குக்கு இடம் இருக்கிறது என்று சொல்லிவிடும். காலாவதி ஆகாமல் காத்திருக்கும் மெசேஜ்கள் ஒவ்வொன்றாக வரும்.

இவ்வளவு உறுதியாகப் பேசுகிறாளே என்று நினைக்க வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் ஆரம்பித்து 2014 நவம்பரில் மூடுகிற வரை ஓடியது. அங்கே நானும் சில வருடம் கீபேட் அழுத்தியே சம்பளம் வாங்கினேன்.

அயனாவரம்_மகன்

அக்கா, சனிக்கிழமை நேரில் போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்ன அதேதான்.

பிளாக்லிஸ்டைத் திறந்தால் மேலே லோன் வேண்டுமா என்று கேட்கிற நம்பர்கள் வரிசையாக, கடைசியில் நான். நடந்தது இதுதான். லோன்காரர்கள் தொல்லை தாங்காமல் பக்கத்து வீட்டுப் பெண் அம்மாவுக்கு பிளாக் பண்ணச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். "மேல இருக்கிற நம்பர், ஆப்ஷன்ஸ், நாலாவது வரி, ஓகே" என்று. அம்மாவும் அதை அப்படியே மனப்பாடம் செய்திருக்கிறார். கால் லாகில் கடைசியாக வந்த கால்தானே மேலே இருக்கும்? ஒரு நாள் அம்மா பட்டனை அழுத்தும்போது மேலே இருந்தது என் மிஸ்டு கால். திரையில் என் பெயரும் இருந்திருக்கிறது, ஆங்கிலத்தில். அவருக்கு அது படிக்க வராது.

இன்பாக்ஸும் நிரம்பித்தான் இருந்தது. ரீசார்ஜ் விளம்பரம், காலர் டியூன், கிரிக்கெட், ஜோசியம் எல்லாம். அழித்த கையோடு ரேஷன் கடை மெசேஜ் ஒன்றும் பேங்க் மெசேஜ் ஒன்றும் வந்து விழுந்தன.

இப்போது வேறு சந்தேகம். பெயர் படிக்காமலே என்னைக் கூப்பிடும்படி ஒரே பட்டனில் வைக்க முடியுமா? பெயர்களைத் தமிழில் போடலாமா? அப்புறம் இந்த விளம்பர மெசேஜ்களை எப்படி நிறுத்துவது?

கீபேட்_காலத்து_ஆள்

ஸ்பீட் டயல் இருக்கிறதே. காண்டாக்ட்ஸ் திறந்து ஆப்ஷன்ஸ் போனால் ஸ்பீட் டயல் இருக்கும். 2இல் உங்களை, 3இல் பக்கத்து வீட்டு அக்காவை வையுங்கள். அந்தப் பட்டனை அழுத்திப் பிடித்தால் கால் போகும். 1 வாய்ஸ் மெயிலுக்குப் போகும், அதைத் தொட வேண்டாம்.

5, 9 இரண்டையும் விட்டுவிடுங்கள். 2017 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கிற போன்களில் அவசர பட்டன் இருக்க வேண்டும் என்று சட்டம். பட்டன் போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடித்தால் அவசர உதவிக்குக் கால் போகும்படி வைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் 5இல் பேத்தியை வைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு 112க்குப் பேசிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கும் அது என்ன பட்டன் என்று சொல்லி வையுங்கள். ஆம்புலன்ஸ் மட்டும் என்றால் 108.

விளம்பரத்துக்கு: அம்மா போனிலிருந்தே START 0 என்ற இந்த ஆங்கிலச் சொல்லை—

கீபேட்_காலத்து_ஆள்

அடடா, பாதியில் போய்விட்டது. 'ஸ்டார்ட்' என்ற சொல்லை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, பூஜ்யம் போட்டு 1909க்கு அனுப்புங்கள். அடிக்கத் தெரியாவிட்டால் 1909க்குக் கால் செய்தும் சொல்லலாம். உடனே நிற்காது, சில நாள் ஆகும். பேங்க், சிலிண்டர் மெசேஜ்கள் இதனால் நிற்காது, பயப்பட வேண்டாம். சொந்த நம்பரிலிருந்து கூப்பிடுகிற லோன் ஆசாமிகள் இதற்கெல்லாம் அடங்குவதில்லை, அவர்களுக்கு பிளாக்லிஸ்ட்தான்.

ஸ்ரீபெரும்புதூர்_அக்கா

பெயர் தமிழில் போடலாம், போனில் தமிழ் இருந்தால். செட்டிங்ஸில் லாங்குவேஜ் போய்ப் பாருங்கள். சேமிக்கும்போது சிம்மில் வேண்டாம், போனில் சேமியுங்கள். சிம்மில் ஒரு பெயருக்குக் கொடுத்திருக்கும் இடமே சின்னது, தமிழில் அதிலும் பாதிதான். 'பால்காரர் முருகேசன்' என்று போட்டால் 'பால்கா'வோடு நின்றுவிடும். போனில் சேமித்தால், போன் கெட்டுப்போகிற அன்று நம்பர்களும் போகும் என்பது உண்மைதான். அதற்கு ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள், என் மாமியார் வீட்டில் இன்றைக்கும் அப்படித்தான்.

அம்மாவுக்குத் தமிழில் மெசேஜ் அனுப்புவதாக இருந்தால் சுருக்கமாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். அந்த 70இல் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாகக் கணக்கு. 'அம்மா' என்பதே அஞ்சு.

இன்னொன்று. "நாலாவது வரி" என்று மனப்பாடமாகச் சொல்லிக் கொடுப்பதை விட்டுவிடுங்கள். பிளாக் பண்ணுகிற வேலையை நீங்களே போகும்போது செய்யுங்கள். அம்மாவுக்குப் பச்சை, சிவப்பு, 2, 3, #, * இது போதும். # ஐப் பிடித்தால் என்ன ஆகும் என்று அவர் கையாலேயே சைலண்டில் போடவைத்து, அவர் கையாலேயே எடுக்கவையுங்கள். வாயால் சொன்னது நிற்காது.

கொளத்தூர்_தாத்தா

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் போனில் திடீர் திடீரென்று திரையில் ஏதோ வருகிறது. பட்டன் அழுத்தினால் காசு போய்விடுகிறது. இதுவும் இந்த 1909இல் நிற்குமா?

ஸ்ரீபெரும்புதூர்_அக்கா

அது மெசேஜ் இல்லை ஐயா, சிம்மிலிருந்தே வருகிற விளம்பரம். அதனால் 1909இல் நிற்பது சந்தேகம். மெனுவில் சிம் டூல்கிட் என்றோ உங்கள் சிம் கம்பெனி பெயரிலோ ஒன்று இருக்கும். உள்ளே போனால் நிறுத்துவதற்கு ஸ்டாப், டீஆக்டிவேட், ஆஃப் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதுவரை திரையில் அது வந்தால் நடு பட்டனையோ ஓகேயையோ தொடாமல் சிவப்பு பட்டனை அழுத்துங்கள். நடு பட்டன் 'சம்மதம்' ஆகிவிடும், காசு போவது அதனால்தான். ஏற்கெனவே ஏதாவது சேர்ந்திருந்தால் கம்பெனி கஸ்டமர் கேரில் என்னென்ன ஓடுகிறது என்று கேட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

கொளத்தூர்_தாத்தா

சிவப்பு பட்டன். சரிம்மா, நன்றி. ஓகே பட்டன் பக்கமே போகமாட்டேன்.

அயனாவரம்_மகன்

2இல் என்னை வைத்துவிட்டேன். அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டு, நான் ஹாலில் எடுத்துப் பேசி, ஒத்திகை முடிந்தது. 5ஐப் பற்றியும் சொன்னேன். "அதை எதுக்குடா நான் அமுக்கப் போறேன்" என்றார். தமிழ் இருக்கிறது, பெயர்களை மாற்றிவிட்டேன். 1909க்கு மெசேஜ் போயிருக்கிறது.

கடைசியாக ஒன்று, எஃப்எம் திறந்தால் இயர்போன் சொருகு என்று வருகிறது. போனோடு இயர்போன் தரவில்லை. அம்மாவுக்கோ காதில் மாட்டினால் பிடிக்காது.

கீபேட்_காலத்து_ஆள்

இயர்போன் வயர்தான் அந்த மாதிரிப் போனில் ஏரியல். ஒயர்லெஸ் எஃப்எம் என்று போட்ட போனுக்கு மட்டும்தான் அது தேவையில்லை. வீட்டில் ஏதாவது பழைய 3.5 எம்எம் இயர்போன் இருந்தால் சொருகிவிட்டு, ஆப்ஷன்ஸில் லவுட் ஸ்பீக்கர் போடுங்கள். காதில் மாட்ட வேண்டியதில்லை, வயர் தொங்கினால் போதும். ஒரு பக்கம் கேட்காத இயர்போனாக இருந்தாலும் பரவாயில்லை. அப்படியும் கிடைக்காவிட்டால் ரிச்சி தெருவில் சல்லிசாக வாங்கலாம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், பெரும்பாலும் ஷட்டர்தான். ஆட்டோ சர்ச் விட்டால் ஸ்டேஷன்களை அதுவே பிடித்துக்கொள்ளும். அம்மாவுக்கு ரெயின்போ 101.4, சூரியன் 93.5, ஹலோ 106.4 மூன்றை மட்டும் வைத்துக் கொடுங்கள்.

அயனாவரம்_மகன்

மேசை டிராயரில் ஒரு காது செத்த இயர்போன் கிடந்தது, அதைச் சொருகியிருக்கிறேன். 101.4 தெளிவாக வருகிறது, 93.5 ஜன்னல் பக்கம் வைத்தால்தான். சிலிண்டர் இன்றைக்கு புக் பண்ணினேன். ஓடிபி வந்ததும் இங்கே எழுதுகிறேன்.